தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு: அக்கி, அசதி, பெண்ணின் ஓய்வு

தமிழில் அக்கி என்கிறோம். ஆங்கில மருத்துவம் ஹெர்ப்பிஸ் ஸோஸ்டர் என்கிறது. ஸோஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடையில் கட்டும் கச்சை என்று பொருள். ஷிங்கிள்ஸ் என்ற ஆங்கிலப் பேச்சுவழக்குப் பெயரும் கச்சையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நார்வேக்காரர்கள் இதை நரக நெருப்பு என்கிறார்கள். அரபியில் நெருப்புக் கச்சை. ஸ்பானிய மொழி பேசுகிறவர்களிடம் குட்டிப் பாம்பு. இவையெல்லாம் நோயை உடம்பில் வாங்கியவர்கள் வைத்த பெயர்களாகத்தான் இருக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டிப் புறப்பட்டு, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், விலாவைச் சுற்றிப் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும். நடுக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டாது. சேலைத் தலைப்பு உரசினால்கூட எரியும். நம் ஊர்களில் அக்கி என்ற சொல் வேறு சில கொப்புளங்களையும் சேர்த்துக் குறிப்பதுண்டு. அக்கினியின் சாயல் அந்தச் சொல்லில் எல்லோர் காதிலும் விழுகிறது.

மூன்று நான்கு வாரங்களில் கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிடும். நோய் முடிந்தது என்று வீடு எடுத்துக்கொள்ளும். ஆனால் முடியாமல் தங்கிவிடுகிறவை இரண்டு உண்டு. ஒன்று, மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலி. மற்றொன்று அசதி. வலிக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. அசதிக்கு அப்படியொரு மாத்திரை இல்லை. இந்தக் கட்டுரை அந்த அசதியைப் பற்றியது. நோய் போன பிறகும் எழுந்து நிற்க முடியாத பெண்ணுக்கு யார், எந்தப் பெயரில், எத்தனை நாள் பாய் விரித்துக் கொடுத்தார்கள் என்பது என் கேள்வி.

அம்மனின் நோயும் குயவரின் நோயும்

1892இல் புடாபெஸ்ட் நகரக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் போன் போக்காய் ஒன்றைக் கவனித்தார். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அக்கி வந்தால், சில நாள் கழித்து அதே வீட்டுக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருகிறது. இரண்டும் ஒரே கிருமியின் வேலை என்பதை 1950களில் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் காட்டினார். சின்னம்மை இறங்கிய பிறகு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்குகிறது, எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது என்ற விளக்கத்தை, சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் மருத்துவர் எட்கர் ஹோப் சிம்சன் 1965இல் எழுதினார். தம்மிடம் வந்த நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் விடாமல் குறித்து வைத்திருந்த குடும்ப மருத்துவர் அவர்.

கிருமி ஒன்று. ஆனால் நம் பண்பாட்டில் இந்த இரண்டு நோய்களும் வெவ்வேறு வீதிகளில் குடியிருந்தன. அம்மை, மாரியம்மனுடையது. பெரியம்மைக்கு உருவான வீட்டு ஒழுங்குகள் முழுவதும் சின்னம்மைக்கும் வந்து சேர்ந்தன. இந்தியாவில் பெரியம்மை 1975இல் முடிந்துபோன பிறகும் அந்த ஒழுங்குகள் முடியவில்லை. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அடுப்பில் தாளிக்கமாட்டார்கள். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். இளநீர், கூழ், மோர் என்று குளிர்ச்சியாகக் கொடுப்பார்கள். படுத்திருப்பவள் மேல் ஆத்தா இறங்கியிருக்கிறாள், அவளிடம் கடிந்து பேசக்கூடாது. மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இதுதான் சட்டம். அந்தச் சில நாட்களுக்கு வீட்டின் மருமகளும் தெய்வம். அவளை அடுக்களைக்குக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வராது.

அக்கிக்கு இதில் எதுவும் கிடையாது. அக்கி வந்தால் குயவரிடம் போக வேண்டும். அவர் காவியைக் குழைத்து, கொப்புளம் உள்ள இடத்தில் சிங்கம் எழுதுவார். அக்கி எழுதுதல் என்றே அதற்குப் பெயர். மண்ணையும் நெருப்பையும் ஆளத் தெரிந்தவரின் கை, உடம்பின் நெருப்பையும் ஆற்றும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கலாம். காவி எரிச்சலைக் கொஞ்சம் தணித்திருக்கலாம். எழுதிக்கொண்டவர் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். என் அம்மாவழிப் பாட்டிக்கு அக்கி கண்டபோது வேளார் வீட்டுக் கிழவி வந்து எழுதினாராம். அன்று சாயங்காலமே பாட்டி நாற்றங்காலுக்குப் போய்விட்டார் என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லோரும் பாட்டி சமைத்ததைச் சாப்பிட்டவர்கள். பாட்டி அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மனின் நோய்க்குக் கிடைத்த ஓய்வைப் புகழ்ந்துவிட்டு நகர முடியாது. ஒருத்தி படுக்க இன்னொருத்தி இரட்டை வேலை பார்த்தாள். மாமியாரோ நாத்தனாரோ மூத்த மகளோ அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். மேலும், தமிழ்ப் பெண்ணுக்கு ஓய்வு வந்த வாசல்களை எண்ணிப் பார்த்தால் இரண்டுதான் தெரிகின்றன: தெய்வம், தீட்டு. மாதவிலக்கில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். பிள்ளை பெற்றவளைத் தீட்டுக் கழியும் வரை ஒரு மூலையில் வைத்தார்கள். தொடக்கூடாதவளாக இருந்த நாட்களில்தான் அவளால் உட்கார முடிந்தது. சொந்த நிலமில்லாத கூலிப் பெண்ணுக்கு அந்த மூலையும் நிச்சயமில்லை. தீட்டு மூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ முடிந்தது. உடம்பு தேறியதா என்று எந்தச் சடங்கும் கேட்கவில்லை.

வெறியாடிய களம்

பெண்ணின் சோர்வை அவளைத் தவிர மற்ற எல்லோரும் படிக்கிற காட்சி நம் இலக்கியத்தில் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள். வளை கழல்கிறது. பசலை படர்கிறது. தாய் பதறிக் கட்டுவிச்சியை அழைக்கிறாள். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் வருகிறான், கழங்கு உருட்டுகிறான், இது முருகன் அணங்கியதால் வந்தது என்கிறான். களம் இழைக்கிறார்கள், மறி அறுக்கிறார்கள், வேலன் வெறியாடுகிறான். காரணம் என்னவென்று தலைவிக்குத் தெரியும். தோழிக்கும் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

துறை வகுத்தவர்கள் இதை வெறிவிலக்கு என்று அழைத்தார்கள். அகநானூற்றிலும் நற்றிணையிலும் இந்தக் காட்சியைத் தொடர்ந்து பாடியதால் ஒருவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவரைப் பெண்பாற் புலவர் வரிசையில் வைக்கிறோம். நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி முருகனையே நேருக்கு நேர் பார்த்து, இது உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் இங்கே வந்து நிற்கிறாயே, நீ அறிவில்லாதவன் என்கிற பொருளில் பேசுகிறாள். வகுப்பில் நாங்கள் இதைக் காதல் பாட்டாகப் பாடம் நடத்துகிறோம். காதல் பாட்டுத்தான். அதோடு, ஒரு பெண்ணின் உடல் மெலிவுக்குத் தவறான காரணம் சொல்லப்படும்போது பக்கத்தில் இன்னொரு பெண் நின்று மறுக்கிற பாட்டும்கூட. தலைவிக்கு வாய்த்த தோழி எல்லா நோயாளிக்கும் வாய்ப்பதில்லை.

தமிழில் ஓய் என்ற வினைச்சொல் இரண்டு பக்கம் பார்க்கிறது. ஓய்வு என்றால் இளைப்பாறுதல். ஓய்ந்து போதல் என்றால் சக்தி தீர்ந்து விழுதல். மழை ஓய்கிறது, கை ஓய்கிறது. முதலாவதைக் கொடுக்காத வீடுகள் இரண்டாவது வரும் வரை காத்திருக்கின்றன.

ஓய்வே தண்டனையான கதை

ஓய்வு கொடுத்தால் போதும், சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெண்களின் தீராத சோர்வுக்கு ஓய்வையே மருந்தாக எழுதினார்கள். 1869இல் ஜார்ஜ் பியர்ட் இந்தச் சோர்வுக்கு நரம்புத் தளர்ச்சி என்ற பொருளில் நியூராஸ்தீனியா என்று பெயரிட்டுப் பரப்பினார். ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் ஓய்வு வைத்தியம் என்ற முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வாரக்கணக்கில் படுக்கை. கொழுத்த உணவு. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, பார்வையாளர் கூடாது. 1887இல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் அவரிடம் சிகிச்சைக்குப் போனார். வீட்டையும் குழந்தையையும் மட்டும் பார்த்துக்கொள், வாழ்நாள் முழுக்கப் பேனாவைத் தொடாதே என்ற அறிவுரையோடு திரும்பி வந்தார். மூன்று மாதம் அதன்படி நடந்து மனம் சிதையும் விளிம்புக்குப் போனதாகப் பின்னாளில் எழுதினார். 1892இல் வெளிவந்த மஞ்சள் சுவர்த்தாள் என்ற சிறுகதை அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. போன் போக்காய் அக்கியையும் அம்மையையும் இணைத்துப் பார்த்த அதே ஆண்டு.

வர்ஜீனியா வுல்ஃபுக்கும் இதே போன்ற ஓய்வு வைத்தியம் விதிக்கப்பட்டது. 1926இல் அவர் நோயுற்றிருத்தல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலைப் போல, போரைப் போல, நோய் ஏன் இலக்கியத்தின் பெரும் பொருளாகவில்லை என்ற கேள்வியை அதில் எழுப்பினார். நல்ல கேள்வி. அதன் பக்கத்தில் நாம் இன்னொரு கேள்வியையும் வைக்கலாம். அந்தக் கட்டுரை எழுதப்பட்ட காலத்தில் அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர் நெல்லி பாக்ஸல். 1916 முதல் 1934 வரை அந்த வீட்டில் வேலை பார்த்தார். வுல்ஃபின் நாட்குறிப்புகளில் அவரோடு போட்ட சண்டைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நெல்லிக்கு உடம்புக்கு முடியாதபோது அதைப் பற்றிக் கட்டுரை எழுத நெல்லிக்கு ஏது நேரம்?

செவிலியர் சொன்னால் நம்பமாட்டார்கள்

கிருமித்தொற்று போன பிறகும் தங்கிவிடும் அசதியின் வரலாற்றில் 1955 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு கோடையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் வரிசையாக விழுந்தார்கள். ஏறக்குறைய 300 பேர். பெரும்பாலும் பெண்கள், அவர்களிலும் செவிலியர் மிகுதி. காய்ச்சல், கழலை வீக்கம், தசைத் தளர்ச்சி, பிறகு தீராத சோர்வு. மருத்துவமனையையே மூட வேண்டிவந்தது. சிலர் பல ஆண்டுகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1970இல், இரண்டு உளவியல் மருத்துவர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து இது கூட்டு ஹிஸ்டீரியா என்று ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமல் எழுதிய முடிவு அது. அடுத்த பல ஆண்டுகளுக்கு, தொற்றுக்குப் பிந்தைய சோர்வோடு மருத்துவரிடம் போன பெண்களுக்கு அந்த ஒரு சொல் காத்திருந்தது. வேலன் கழங்கு உருட்டினான், இவர்கள் காகிதம் புரட்டினார்கள்.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் 2020இல் வந்தது. கொரோனாவிலிருந்து மீளாமல் தவித்தவர்களில் ஒருவரான இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ, அந்த ஆண்டு மே மாதம் சமூக ஊடகத்தில் லாங் கோவிட் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நோயாளிகள் அதைப் பற்றிக்கொண்டார்கள், மருத்துவம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது. ஒரு நோயின் பெயரை அதை அனுபவித்த பெண்ணே வைத்தாள், அது நிலைத்தது. அக்கிக்குப் பிந்தைய அசதியோடு இருக்கிற பெண்ணுக்கும் இதனால் ஒரு லாபம் உண்டு. கிருமி அடங்கிய பிறகும் உடம்பு அடங்காமல் இருக்கலாம் என்பதைச் சொன்னால் கேட்கிறவர்கள் இன்று முன்பைவிட அதிகம்.

மருந்து கண்ட பெண்

அக்கிக்கு இன்று கொடுக்கப்படும் முக்கியமான மருந்து அசைக்ளோவிர். அதை உருவாக்கிய குழுவின் பின்னால் இருந்தவர் ஜெர்ட்ரூட் எலியன். 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1937இல் வேதியியலில் பட்டம் பெற்றார். ஆய்வகங்களில் வேலை கேட்டுப் போன இடத்தில், ஒரு பெண் இங்கே இருந்தால் மற்றவர்கள் கவனம் சிதறும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உலகப்போரில் ஆண்கள் போன பிறகே ஆய்வகக் கதவு திறந்தது. 1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் சேர்ந்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்தால்தான் முனைவர் பட்டம் என்று பல்கலைக்கழகம் சொன்னது. அவர் வேலையைத் தேர்ந்தார், அந்தப் பட்டத்தைக் கடைசிவரை முடிக்கவில்லை. 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

அசைக்ளோவிர், கிருமி புகுந்த செல்லுக்குள் போன பிறகே மருந்தாக விழித்துக்கொள்கிறது. கிருமியின் நொதியே அதை எழுப்புகிறது. நல்ல செல்லுக்குப் பெரும்பாலும் கேடு செய்வதில்லை. ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். இந்த 72 மணி நேரம்தான் நம் வீடுகளில் தொலைந்து போகிறது. பிள்ளைக்குத் தேர்வு, மாமனாருக்குச் சர்க்கரை, சம்பள நாளுக்கு இன்னும் நான்கு நாள். ஜாக்கெட் உரசிப் புண்ணாகிவிட்டது, சூட்டுக் கொப்புளம், தானாகப் போகும். மார்புக்குக் கீழே வந்திருப்பதை ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது? இப்படி மூன்று நாள் ஓடிவிடும்.

2023 முதல் இந்தியாவில், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, இரண்டு தவணைத் தடுப்பூசி ஒன்று கிடைக்கிறது. ஆய்வுகளில் மிக நல்ல பலன் தந்த ஊசி. அதன் விலை கூலிக்குப் போகும் பெண்ணின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அக்கி சற்று அதிகமாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கும்போது, இந்த விலையைப் பற்றிப் பேசுவதும் பெண்ணிய வேலைதான்.

கணக்கில் வராத உடம்பு

எனக்கு நாற்பத்தாறாவது வயதில் அக்கி வந்தது. வலது விலாவில் தொடங்கி முதுகு வரை. பதினெட்டாம் நாள் பொருக்கு உதிர்ந்தது, மருத்துவச் சான்று முடிந்தது, கல்லூரிக்குப் போனேன். அதற்குப் பிறகு நான்கு மாதம், இரண்டாவது பாடவேளை முடிந்ததும் கால்கள் என்னுடையவையாக இல்லை. கரும்பலகையில் ஒரு வெண்பாவை எழுதிச் சீர் பிரித்துவிட்டு நாற்காலியைத் தேடினேன். "அக்கிதானே மேடம், அதான் காஞ்சிருச்சே?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். "எந்திரிச்சு நாலு வேலையப் பாத்தா எல்லாம் சரியாயிரும்டி" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். இருவரும் அன்பில்தான் சொன்னார்கள். தேறுவதற்கு ஆகும் காலத்துக்கு விடுப்பு விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. நோய்க்கு மட்டுமே இருந்தது.

நாளாக ஆகக் கற்றுக்கொண்டது இதுதான். நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட ஓடினால், அடுத்த இரண்டு நாள் படுக்கை. ஆகவே நல்ல நாளிலும் பாதியில் நிறுத்த வேண்டும். களைத்த பின் உட்காராமல், களைப்பதற்கு முன் உட்கார வேண்டும். குழம்பு வைத்த அன்று துணி துவைக்கக்கூடாது. கேட்க எளிது. ஆனால் பாதியில் நிறுத்திய வேலையை யார் முடிப்பது என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. என் அசதிக்கு மருந்து அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்தது. என் கணவரும் மகனும் சமையலறைக்குள் வந்த பிறகே நான் தேறத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு இதே நோய் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மாதங்களில் பல தடவை யோசித்தேன். ஓய்வைச் சடங்கிலிருந்து எடுத்து உரிமையாக்கும் வேலை நூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலனைச் சேர்ந்தது, அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு அங்கே சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1934இல் வந்தது. 1948இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் தொடங்கிய திட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு தருகிறது. ஆலைவாசலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு இது உண்டு. நாற்று நடுகிறவளுக்கும் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் இல்லை. சொந்த வீட்டின் 299 நிமிடங்களுக்கு எந்தச் சட்டத்திலும் விடுப்பு இல்லை.

ஆகவே சில சின்னக் கோரிக்கைகள். மருத்துவ விடுப்புக்குப் பிறகு குறைந்த வேலை நேரத்தோடு திரும்பும் ஏற்பாடு கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் வர வேண்டும். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நாம், அவர் படுத்திருக்கும் நாட்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், தேறும் நாட்களையும் அதில் சேர்க்க வேண்டும். தடுப்பூசி அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று: உங்கள் அம்மாவோ ஆச்சியோ ஒரு பக்கமாக மட்டும் எரிகிறது என்று சொன்னால், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பொருக்கு உதிர்ந்த பிறகு அவர் "முடியல" என்றால், ஏன் என்று கேட்க வேண்டாம். அடுப்படியில் மிச்சம் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள்.